நியூட்ரல் போய் ஹை வோல்டேஜ் வந்தபின் லேப்டாப் ஆன் ஆகவில்லை: மதர்போர்டு மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு முன் என்ன பார்க்கலாம்?

பெரம்பூர்_வாசகி

வணக்கம். பெரம்பூரில் 6 வீடு உள்ள அபார்ட்மெண்ட், த்ரீ பேஸ் சப்ளை. சனிக்கிழமை இரவு திடீரென்று லைட் எல்லாம் கண் கூசுகிற அளவுக்கு எரிந்தது, ஃபேன் தறிகெட்டுச் சுற்றியது. மெயினை ஆஃப் செய்வதற்குள் லேப்டாப் சார்ஜரிலிருந்து 'டப்' என்று சத்தம், கருகல் வாடை. கீழே மெயின் போர்டில் நியூட்ரல் வயர் கருகிக் கழன்றிருந்தது. எலக்ட்ரீஷியன் புது லக் (வயர் முனையில் இறுக்குகிற உலோகக் காது) அடித்து மாட்டிவிட்டார்.

டெல் லேட்டிட்யூட், 2021-ல் வாங்கியது, வட்டப் பின் 65 வாட் சார்ஜர். ஸ்பைக் கார்டில்தான் போட்டிருந்தேன். அப்போது ஹெச்டிஎம்ஐ கேபிள் டிவியிலும், லான் கேபிள் ரவுட்டரிலும் இருந்தது. டிவி, ரவுட்டர் இரண்டும் போய்விட்டன. லேப்டாப்பில் பவர் பட்டனை அழுத்தினால் ஒரு லைட்கூட இல்லை.

பக்கத்துக் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போச்சு, 18,000 ஆகும்" என்கிறார்கள். உள்ளே 4 கிளையண்ட்டுகளின் ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், சோல்டரிங் தெரியாது. எதை எந்த வரிசையில் பார்ப்பது?

சிப்லெவல்_சிந்தாதிரி

மேடம், 18,000-க்கு இப்போதே தலையாட்ட வேண்டாம். ஹை வோல்டேஜில் முதலில் போவது சார்ஜர்தான். சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கமும் 19.5 வோல்ட் பக்கமும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரால் பிரிக்கப்பட்டவை. முன்பக்கம் வெடித்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், பின்பக்கம் வெறும் 0 வோல்ட் ஆகிவிடும். லேப்டாப் வரை சேதம் போவது குறைவு. சார்ஜர் செத்து, பேட்டரியும் காலியாகி இருந்தாலே நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு லைட்கூட வராது.

முதல் வேலை, எந்தச் சார்ஜரையும் சொருகும் முன் வீட்டு பிளக்கில் ஏசி வோல்டேஜ் பாருங்கள். பேஸ்–நியூட்ரல் 220–240-க்குள் இருக்க வேண்டும். ஏசியோ கீசரோ போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். லோடு மாறும்போது ஒரு வீட்டில் 200-க்குக் கீழே இறங்கி, இன்னொரு வீட்டில் 250-ஐத் தாண்டினால் நியூட்ரல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலைமையில் புது சார்ஜர் போட்டால் அதுவும் போகும்.

அடுத்தது பழைய சார்ஜர். 'டப்' என்று சத்தம் வந்ததை மறுபடி சுவரில் சொருகிப் பார்க்கவே வேண்டாம். உடைத்துத் திறக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் கை வைத்தால் அடிக்கும்.

அதே 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், 4.5 மில்லிமீட்டர் பின் உள்ள டெல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்குங்கள். தலையை மாற்றி மாற்றிப் போடுகிற யூனிவர்சல் சார்ஜர் வேண்டாம். டெல் பின்னின் நடுவில் ஊசி மாதிரி இருப்பது ஐடி பின். சார்ஜரின் வாட்டை லேப்டாப்புக்குச் சொல்லும் குட்டி சிப் அதன் வழியாகத்தான் பேசுகிறது. அந்தத் தகவல் கிடைக்காவிட்டால் லேப்டாப் ஆன் ஆனாலும் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும்.

மீட்டரால் அளக்கும்போது கறுப்பு முனை பின்னின் வெளித்தகட்டில், சிவப்பு முனை உள்சுவரில். சிவப்பு முனை வழுக்கி நடு ஊசியையும் உள்சுவரையும் ஒன்றாகத் தொட்டால் 19.5 வோல்ட் நேராக ஐடி சிப்புக்குள் போய் அதைச் சாகடித்துவிடும். முனையில் டேப் சுற்றி, நுனி மட்டும் 2 மில்லிமீட்டர் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல சார்ஜர் கிடைத்ததும் லான், ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சார்ஜர் இல்லாமல் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எம்படட் கன்ட்ரோலர் (பவர் பட்டன், சார்ஜிங் இவற்றைக் கவனிக்கும் சின்ன சிப்) ஏதாவது நிலையில் மாட்டி நின்றிருந்தால் அது விடுபட வழி உண்டு. முடிந்தால் அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். அது இன்னும் சுத்தமான ரீசெட்.

இப்போது சார்ஜரைச் சொருகும்போது அதன் பின் தலையில் இருக்கிற வெள்ளை வளைய லைட்டை மட்டும் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். லைட் எரிந்துகொண்டே இருந்து லேப்டாப்பிலும் சார்ஜ் லைட் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, 20 நிமிடம் சார்ஜ் ஏறவிட்டு ஆன் செய்யுங்கள். சார்ஜர் லைட் எரிகிறது, லேப்டாப்பில் எதுவும் இல்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை: சார்ஜர் ஜாக், ஃபியூஸ், முதல் மாஸ்ஃபெட் (கரண்ட்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச் மாதிரியான பாகம்), இந்த மூன்றில் ஏதோ ஒன்று. சொருகிய நொடியில் சார்ஜர் லைட்டே அணைந்தால் போர்டிலோ ஜாக்கிலோ ஷார்ட். சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொள்கிறது. சுவரிலிருந்து எடுத்து அரை நிமிடம் விட்டால் லைட் மறுபடி வரும். திரும்பத் திரும்ப சொருகிப் பார்க்காதீர்கள், ஒரு தடவை தெரிந்தால் போதும்.

டெல்லில் இன்னொரு வசதி: சார்ஜர் போட்டுவிட்டு, எம் எழுத்துப் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போர்டு தன்னைத்தானே சோதிக்கும். பேட்டரி லைட் ஆரஞ்சாக வந்தால் போர்டில் கோளாறு. எதுவும் வராவிட்டால் 'கோளாறு இல்லை' என்று எடுத்துக்கொள்ள முடியாது, உங்கள் நிலைமையில் கரண்டே போகாமலும் இருக்கலாம்.

வயர்மேன்65

வீட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். ஸ்பைக் கார்டு ஏன் காப்பாற்றவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை தப்பிக்க முடியும்.

த்ரீ பேஸில் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரைதான் ஒவ்வொரு வீட்டுக்கும் 230. அது கழன்றால் இரண்டு பேஸில் இருக்கிற வீடுகள் ஒன்றோடொன்று சீரீஸில் நின்றுவிடும். ஒரு பேஸில் 2000 வாட் கீசர் ஓடுகிறது, உங்கள் பேஸில் லைட், ஃபேன், டிவி சேர்த்து 200 வாட் என்று வையுங்கள். அந்த 400 வோல்ட்டில் கீசருக்கு சுமார் 36, உங்களுக்கு சுமார் 364. எந்த வீட்டில் குறைவாக ஓடுகிறதோ அந்த வீட்டுக்குத்தான் அடி பலம்.

சார்ஜருக்குள் ஏசி கரண்ட்டை டிசி ஆக்கினால் 1.414 மடங்கு வரும். 230-க்கு 325 வோல்ட். அதற்காக அங்கே 400 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், சிலதில் 450. 364-க்கு 514 வோல்ட். 'டப்' சத்தம் அதுதான்.

ஸ்பைக் கார்டில் இருப்பது எம்ஓவி என்கிற வட்ட வில்லை. இடி மின்னலில் மைக்ரோ விநாடிக் கணக்கில் வருகிற குத்தலை அது விழுங்கும். அரை நிமிடம் நின்று அடிக்கிற 364 வோல்ட்டை விழுங்க அதற்குச் சக்தி இல்லை, சூடேறி எரிந்துவிடும். அதனால் அந்த ஸ்பைக் கார்டையும் தூக்கிப் போடுங்கள். லைட் எரிந்தாலும் உள்ளே வில்லை செத்திருக்கும், அடுத்த தடவை தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு. ஆர்சிசிபி இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன், அது கரண்ட் கசிவுக்கு மட்டும். ஓவர் வோல்டேஜை அது பார்க்காது.

உங்கள் வீட்டு டிபியில் (மெயின் ஸ்விட்ச் பெட்டியில்) ஓவர்–அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்று போடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கிற டின் ரெயில் என்கிற உலோகப் பட்டையில் மாட்டுகிற மாதிரி, 40 அல்லது 63 ஆம்பியர், வோல்டேஜ் எண் தெரிகிற வகை. மேல் எல்லை 265, கீழ் எல்லை 180, திரும்ப ஆன் ஆகும் தாமதம் 180 விநாடி. தாமதம் குறைவாக வைத்தால் ஏசி கம்ப்ரஸருக்கு ஆகாது.

கீழே மெயின் போர்டிலும் ஒரு வேலை இருக்கிறது. கத்திரி வெயிலில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது நியூட்ரல் லக் சூடாகும், இரவில் ஆறும். விரிந்து சுருங்கி ஸ்க்ரூ தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். கருகின வயரை நறுக்கிவிட்டு நல்ல செம்பு தெரிகிற இடத்திலிருந்து லக் அடித்தாரா, நியூட்ரல் பேஸ் வயர் அளவுக்கே தடிமனா, இரண்டையும் கேளுங்கள். இந்த போர்டைப் பொதுவில் ஒருவர் பார்க்க வேண்டும், 6 வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

டேட்டா_முதலில்

மேடம், 20-ஆம் தேதி இருக்கிறது என்கிறீர்கள். போர்டு ரிப்பேர் எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கே எஸ்எஸ்டியை (உங்கள் ஃபைல்கள் எல்லாம் இருக்கிற பாகத்தை) வெளியே எடுங்கள், அதற்கு சோல்டரிங் வேண்டாம்.

அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு எஸ்எஸ்டி: சூயிங்கம் பட்டை மாதிரி, ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். ஸ்க்ரூவை எடுத்தால் தானாகவே சாய்வாக எழும்பும், அதே சாய்வில் உருவ வேண்டும். நீளத்தை அளந்துகொள்ளுங்கள், டெல்லில் 80 மில்லிமீட்டரும் வரும், 30 மில்லிமீட்டர் குட்டையும் வரும். தங்கப் பற்கள் வரிசையில் ஒரு வெட்டு இருந்தால் அனேகமாக என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் அனேகமாக சாட்டா, இரண்டும் எஸ்எஸ்டி வகைகள். லேபிளிலும் போட்டிருக்கும், அதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதற்கேற்ற எம்.2 என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் சொருக உதவும் டப்பா) ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், எஸ்எஸ்டியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வேறு கம்ப்யூட்டரில் சொருகியதும் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) கீ கேட்கலாம். 48 இலக்க எண். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நீங்கள் தெரிந்து ஆன் செய்யாவிட்டாலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடிக்கொண்டிருக்கலாம். ஃபோனில் அதே கணக்கில் நுழைந்து 'ரெக்கவரி கீ' பகுதியில் பாருங்கள். திரையில் வருகிற கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளும் அங்கே இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். 'ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் எக்காரணம் கொண்டும் ஆம் சொல்லாதீர்கள்.

மதர்போர்டு மாற்றச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, அது எனக்கு வருத்தம்: பிட்லாக்கர் சாவியைப் பூட்டி வைத்திருக்கிற டிபிஎம் என்கிற சிப் பழைய போர்டோடு போய்விடும். புது போர்டில் அதே எஸ்எஸ்டியைப் போட்டாலும் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். கையில் கீ இல்லாமல் போர்டு மாற்றச் சம்மதித்தால், பழைய போர்டையும் கடையில் விட்டுவிட்டு வந்தால், கணக்கு மொத்தமும் போய்விடும். எஸ்எஸ்டி போர்டிலேயே ஒட்டியிருக்கிற மாடல்கள், புது மேக்புக்குகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் போர்டை உயிர்ப்பித்துத்தான் எடுக்க வேண்டும்.

பெரம்பூர்_வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. எஸ்எஸ்டி எடுத்தாயிற்று, கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது, கணக்கு எல்லாம் தங்கையின் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. பிளக்கில் 228–234, ஏசி ஓடும்போதும் அப்படியே.

தோழியின் ஒரிஜினல் 65 வாட் சார்ஜரைப் போட்டேன். தனியாக 19.5 காட்டுகிறது. லேப்டாப்பில் சொருகிய உடனே வளைய லைட் அணைகிறது. பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டும் அதேதான். அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரியா?

சிப்லெவல்_சிந்தாதிரி

உள்ளே ஷார்ட் இருப்பது சரி. போர்டே போச்சு என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. சாகும் நேரத்தில் சார்ஜரின் பின்பக்கம் கட்டுப்பாடு இழந்து ஒரு நொடி 19.5-க்கு மேலே எகிறியிருக்கும். போர்டில் அந்த லைனில் இருக்கிற செராமிக் கெப்பாசிட்டர்கள் பொதுவாக 25 வோல்ட் தாங்குபவை, மாஸ்ஃபெட்டுகள் 30 வோல்ட். அவற்றில் ஒன்று உள்ளே உடைந்து ஷார்ட் ஆனாலே நீங்கள் பார்த்தது நடக்கும்.

மீட்டர் பிடிக்கத் தெரியும் என்பதால் சொல்கிறேன். சார்ஜரும் பேட்டரியும் இல்லாத நிலையில், மீட்டரை ஓமில் வையுங்கள். கறுப்பு முனை யூஎஸ்பி போர்ட்டின் தகட்டில். சார்ஜர் ஜாக்கிலிருந்து கரண்ட் வரும் வழியில் எட்டுக் கால் பூச்சி மாதிரி இரண்டு மாஸ்ஃபெட் அடுத்தடுத்து இருக்கும், அதைத் தாண்டி ஆர்010 என்று எழுதிய சென்ஸ் ரெசிஸ்டர் (கரண்ட்டை அளக்க உதவும் பாகம்). சிவப்பு முனையை ஜாக்கின் பாசிட்டிவ் காலில் வைத்துப் பாருங்கள், பிறகு ஆர்010-இல் வைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஓமோ அதற்கு மேலோ வந்தால் நல்லது. 0-விலிருந்து 5 ஓமுக்குள் வந்து நின்றால் ஷார்ட்.

ஜாக் பக்கம் மட்டும் ஷார்ட், ஆர்010 பக்கம் நன்றாக இருக்கிறது என்றால் அதிர்ஷ்டம். ஜாக்கை ஒட்டிய கெப்பாசிட்டரோ பாதுகாப்பு டயோடோ போயிருக்கும். மாஸ்ஃபெட் தாண்டி எதுவும் சேதப்படவில்லை என்று நம்பலாம். ஆர்010 பக்கம் ஷார்ட் என்றால் மெயின் ரெயில் (போர்டு முழுவதற்கும் கரண்ட் தரும் லைன்), அதில் பிராசஸர் வரை எல்லாம் தொங்குகிறது, தேட வேண்டும்.

தேடும் முறையை வைத்துத்தான் கடையை எடைபோட வேண்டும். டிசி பவர் சப்ளையை 1 வோல்ட்டில் வைத்து, கரண்ட்டை 1 ஆம்பியரில் தொடங்கி 3, 5 என்று ஏற்றி அந்த ரெயிலில் கொடுப்பார்கள். மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவினால் ஷார்ட்டான பாகத்தின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று வற்றி, சுற்றிலும் பளபளப்பாக இருக்க, அரிசி நுனி அளவுக்கு ஒரு உலர்ந்த புள்ளி தெரியும். தெர்மல் கேமரா இருந்தால் இன்னும் சுலபம்.

அந்த 1 வோல்ட் ரொம்ப முக்கியம். பிராசஸருக்கு 19 வோல்ட்டை 1 வோல்ட்டாக இறக்குகிற ஹை சைடு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால், மெயின் ரெயிலில் கொடுப்பது அப்படியே பிராசஸருக்குள் போகும். அவசரப்பட்டு 19 வோல்ட் ஏற்றினால், பிழைத்திருக்கக்கூடிய பிராசஸர் அந்த மேசையிலேயே செத்துவிடும். பிராசஸர் காயிலில் சில ஓம் மட்டும் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்து 'பிராசஸர் ஷார்ட்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஷார்ட்டை எடுத்தபின் 19.5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி இல்லாமல் 0.01–0.03 ஆம்பியர் காட்ட வேண்டும், பட்டனை அழுத்தியதும் அது ஏற வேண்டும். 0.00-விலேயே நின்றால் சார்ஜிங் ஐசி வரை, பிறகு 3.3 வோல்ட், 5 வோல்ட் எப்போதும் இருக்கிற லைன்கள் வரை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ போர்ட்டின் 5 வோல்ட் காலையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். லான் போர்ட்டில் 1500 வோல்ட் தாங்குகிற டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, ஹெச்டிஎம்ஐயில் அந்த மாதிரித் தடுப்பு ஒன்றும் இல்லை, அங்கே டிவியும் செத்திருக்கிறது.

பெரம்பூர்_வாசகி

ஜாக்கில் 0.4 ஓம். ஆர்010-இல் எண் ஏறிக்கொண்டே போய் 200 கிலோ ஓம் பக்கம் நிற்கிறது.

சிப்லெவல்_சிந்தாதிரி

நல்ல செய்தி மேடம். எண் ஏறிக்கொண்டே போவது கெப்பாசிட்டர் மீட்டரின் கரண்ட்டை வாங்கி நிரம்புவது, ஆரோக்கியமான ரெயில் அப்படித்தான் காட்டும். ஷார்ட் முதல் மாஸ்ஃபெட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. டிசி ஜாக் வயரோடு தனியாக வருகிற மாடல் என்றால் அந்தக் கனெக்டரை உருவிவிட்டு, ஜாக்கையும் போர்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஜாக்கே கருகி உள்ளே ஒட்டியிருந்தால் சோல்டரிங்கே இல்லாமல் ஜாக் மாற்றுவதோடு முடியும். போர்டு பக்கம்தான் 0.4 என்றால் சிப் லெவல் கடைக்கு (போர்டில் உள்ள சின்னப் பாகங்களை மாற்றுகிற கடைக்கு) கொண்டுபோய், "ஜாக் பக்கம் ஷார்ட், மெயின் ரெயில் நன்றாக இருக்கிறது" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். எஸ்எஸ்டி இல்லாமலே கொடுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

வயர்மேன்65

பேட்டரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாட்டும் முன் ஒரு தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி ஆடினாலோ, செல்லின் மேலுறை தலையணை மாதிரி உப்பியிருந்தாலோ சார்ஜ் போட வேண்டாம், குத்தவும் வேண்டாம். அதைப் பாதுகாப்பாக ஒதுக்கிவிட்டு புதிது வாங்குங்கள். தட்டையாக இருந்தால் முதல் முழு சார்ஜை நீங்கள் அருகில் இருக்கும்போது ஏற்றுங்கள், மெத்தை மேல் வைக்காமல் தரையில்.